கொத்தமல்லிக் கட்டும் ஒரு பச்சைப் புழுவும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் வீட்டுக்காரர் இதைக் கல்யாணமான மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். நான் ஒத்துக்கொள்ள இருபத்தாறு வருஷமும் ஒரு புழுவும் தேவைப்பட்டன.

திருத்தணியிலிருந்து அம்பத்தூருக்குப் பதினோரு வருஷமாக ரயிலில் வேலைக்குப் போய் வருகிறேன். ஒரு மொத்த மருந்துக் கடையில் பில் போடும் வேலை. காலையில் வண்டி எங்கள் ஊரில் காலியாகத்தான் நிற்கும். பெண்கள் பெட்டியில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் என் பையை வைத்துவிடுவேன். அது அரக்கோணத்து அக்காவின் இடம். அரக்கோணத்தில் கூட்டம் ஏறும்போது, "இங்க ஆள் வருதா?" என்று யாராவது கேட்பார்கள். "ஆங், வராங்க" என்பேன். என் முகத்தைப் பார்த்தபின் யாரும் இரண்டாவது தடவை கேட்டதில்லை.

அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவள் வீட்டுக்காரர் அரக்கோணத்தில் பைக் மெக்கானிக். அவள் அம்பத்தூரில் ஒரு தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிறாள். காலையில் எங்கள் பெட்டி தூங்கும். சாயங்காலம் அதே பெட்டி சமையல்கட்டாகிவிடும். திருவள்ளூரில் கூடைக்கார அம்மா ஏறுவாள். கீரை, வெண்டைக்காய், வெள்ளரிப் பிஞ்சு, சில நாள் பச்சை மொச்சை. வாங்கிய கையோடு மடியில் பேப்பரை விரித்து ஆரம்பித்துவிடுவோம். யார் பை யார் மடியில் என்ற கணக்கெல்லாம் கிடையாது. கை சும்மா இருப்பவள் எதிரில் இருப்பதை உரிப்பாள். வீட்டுக்குப் போனதும் அடுப்பில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

கீரை ஆய்வதில் மட்டும் அக்காவுக்கு ஈடு கிடையாது. நோன்பு மாசத்தில்கூட, பச்சைத் தண்ணீர் பல்லில் படாத வாயோடு உட்கார்ந்து எங்கள் எல்லோருடைய கீரையையும் ஆய்ந்து கொடுப்பாள். அவள் கை பட்ட கீரையில் ஒரு புல் இருக்காது, ஒரு பழுத்த இலை இருக்காது. அவளுக்கு அதில் ரொம்பப் பெருமை. எனக்குப் பெருமை எங்கள் ஊர் மார்க்கெட்.

"நகரி, புத்தூர்ப் பக்கத்துலேர்ந்து காயெல்லாம் விடியக்குள்ள வந்து எறங்கும்க்கா. ஒரு நாள் வந்து பாருங்க. உங்க ஊர்ல இன்னா கீது, தண்டவாளம்தானே" என்று பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் பதினோரு வருஷமாக, "வரேன் வரேன்" என்று சொல்லிவிட்டு அரக்கோணத்தில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் எனக்கு அசதி. கீரையை மடியில் வைத்தபடி அக்கா தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன். அவளே முழுசும் ஆய்ந்து என் பையில் போட்டுவிட்டு இறங்கிவிட்டாள். நான் திருத்தணியில் இறங்கி, வழக்கம்போல் மார்க்கெட்டில் ஒரு கொத்தமல்லிக் கட்டை வாங்கி அதே பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கீரையை முறத்தில் கொட்டினால், உச்சியில் ஒரு பச்சைப் புழு தலையைத் தூக்கிப் பார்க்கிறது.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "கிருத்திகை முடிஞ்சிட்சா? இன்னிக்குக் கறிக் கொழம்பா?" என்றார். அவருக்கு அது போதும், ராத்திரி சாப்பாடு முழுக்கச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை எடுத்துப் புழுவைப் போட்டோ பிடித்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் சாயங்காலம் அந்தப் போட்டோவைப் பெட்டி முழுக்கக் கைமாற்றி விட்டேன். "அக்கா ஆய்ஞ்ச கீரை பாருங்க. ஏன்க்கா, கண்ணாடி போட்டுக்கினு ஆயுங்க, இல்லன்னா உட்டுடுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா போனை வாங்கி நன்றாகப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள். மடியில் இருந்த என் கீரையை என் மடிக்கு மாற்றினாள். பேப்பரை மடித்து, கையைத் தட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

அன்று ராத்திரி ரசத்துக்காக மிச்சக் கொத்தமல்லியைப் பிரித்தேன். உள்ளே முதல் புழுவின் தம்பி உட்கார்ந்திருந்தான். அதே பச்சை, அதே தலைதூக்கல்.

என் வீட்டுக்காரர் புழுவையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அந்தம்மாகிட்ட சொல்லிடு" என்றார்.

"சொல்றேன், சொல்றேன்" என்றேன்.

எங்கே சொன்னேன்? ஊரெல்லாம் போய்வரும் என் வாய்க்கு இந்த ஒரு வழி மட்டும் தெரியவில்லை. புழு என் பையில் இருந்தது என்று சொன்னால் போதாது. பதினோரு வருஷமாக நான் தலையில் தூக்கிவைத்து ஆடிய திருத்தணி மார்க்கெட்டில் இருந்தது என்றும் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு வாரம் ஓடிவிட்டது.

காலையில் மட்டும் வழக்கம் மாறவில்லை. நான் பையை வைப்பேன். அக்கா ஏறி வந்து பக்கத்தில் நிற்பாள். நான் பையை எடுப்பேன். அவள் உட்காருவாள். இரண்டு பேரும் அம்பத்தூர் வரைக்கும் எதிர்ச் சீட்டுக்காரியின் செருப்பைப் பார்த்துக்கொண்டு போவோம்.

அந்த நாளிலிருந்து சாயங்காலத்தில் எங்கள் நடுவே ஒரு டீச்சர் உட்காருவாள். வீடு திருவாலங்காட்டில், வேலை திருவள்ளூரில். சாது. எங்கள் சண்டைக்கு அவள்தான் தபால்காரி. "டீச்சர், அந்தப் பைய கொஞ்சம் தள்ளி வெக்கச் சொல்லுங்க" என்பாள் அக்கா. பை அக்காவின் காலிலேயே இடித்துக்கொண்டிருக்கும். டீச்சர் என் பக்கம் திரும்பி, "மேடம், பையைக் கொஞ்சம்" என்பாள். "காலை மடக்கினா இடிக்காதுன்னு சொல்லுங்க டீச்சர்" என்பேன் நான். திருவாலங்காட்டில் டீச்சர் இறங்கிவிட்டால் தபால் நின்றுவிடும். அங்கிருந்து அரக்கோணம் வரைக்கும் நாங்கள் உட்கார்ந்திருந்த நிலையை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது.

அந்த டீச்சர்தான் ஒருநாள் மெதுவாகக் கேட்டாள். "மேடம், அக்கா இந்த மாசத்தோட டிரெயின்ல வரமாட்டாங்களாமே. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அக்காவின் கம்பெனி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இடம் மாறுகிறதாம். அரக்கோணத்துக்கே கம்பெனி வேன் வருமாம். பெட்டி முழுக்கத் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் தெரியவில்லை. பதினோரு வருஷப் பழக்கம் ஒரு புழுவோடு முடிந்துவிடப்போகிறது. கையில் இரண்டு வாரம் இருந்தது.

புத்தியுள்ள மனுஷி நேராக மன்னிப்புக் கேட்டிருப்பாள். நான் திட்டம் போட்டேன்.

அக்காவுக்கு ஒரு பலவீனம் உண்டு. கெட்ட காயை யார் வாங்கினாலும் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முன்பின் தெரியாத ஒருத்தி பிளாட்பாரத்தில் முற்றின முருங்கைக்காயைப் பொறுக்குவதைப் பார்த்து, ஓடும் ரயிலின் ஜன்னலிலிருந்து, "அது வேணாம்மா" என்று கத்தியவள். நான் அவள் கண்ணெதிரிலேயே கெட்ட காயாக வாங்கினால் எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருப்பாள்?

முதல் நாள் வெண்டைக்காய். நுனியை ஒடித்துப் பார்க்காமல், இருப்பதிலேயே கட்டையாகப் பார்த்துக் கூடையிலிருந்து அள்ளினேன். அக்காவின் கை தன் கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கியது. வாய் திறக்கவில்லை. கூடைக்கார அம்மாதான் பதறினாள். "இன்னாம்மா நீயா இத எடுக்கற? உடம்பு சரியில்லையா? அத போடு, நான் பிஞ்சா பொறுக்கித் தரேன்."

"எங்க வீட்ல இதுதான் புடிக்கும்" என்றேன்.

அன்றைய பொரியலை என் வீட்டுக்காரர் வெகுநேரம் மென்றார். பிறகு தட்டோரத்தில் நார் நாராக எடுத்து வைத்துவிட்டு, "இத வெச்சி பாத்திரம் தேய்க்கலாமே" என்றார். இரண்டாம் நாள் சொத்தைக் கத்திரிக்காய். மூன்றாம் நாள் உள்ளே பஞ்சாகிப்போன முள்ளங்கி. அன்றைக்கு அக்கா முதல்முறையாக, "டீச்சர், சில பேரு வீட்ல மாடு வாங்கிட்டாங்க போலகீது" என்றாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். ஆனால் அது டீச்சரிடம் சொன்னது, கணக்கில் சேராது. நான்காம் நாள் வாடிப்போன அவரைக்காயைக் காட்டியதும் என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு ஹோட்டலுக்குப் போய்விட்டார். திட்டம் அத்தோடு நின்றது. அப்புறம் மிச்ச நாளெல்லாம் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

கடைசி நாளும் வந்தது. கிருத்திகை வேறு. எங்கள் மலைக்குப் போகிற கூட்டம் பெண்கள் பெட்டியிலும் நெருக்கியடித்தது. அக்கா ஒரு டப்பா நிறைய லட்டு கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்கானதை டீச்சர் கையில் கொடுத்தாள். "மேடம், உங்களுக்காம்" என்று டீச்சர் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். கைக்குட்டையில் முடிந்து பையில் வைத்தேன்.

வண்டி மணவூர் தாண்டியது. அடுத்தது திருவாலங்காடு, டீச்சர் இறங்கிவிடுவாள். எல்லோர் முன்னாலும் சொன்ன பழியை எல்லோர் முன்னாலும்தான் எடுக்க வேண்டும் என்று அப்போதுதான் புத்தியில் உறைத்தது. எழுந்து நின்றேன். நின்ற அதே நொடியில் மஞ்சள் புடவை கட்டிய ஒரு அம்மா என் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். சரி, போகட்டும்.

"எல்லாரும் கேளுங்க" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "நான் அன்னிக்கு ஒரு புழுவ காட்டினேனே, அது அக்கா கீரையில இல்ல. எங்க ஊர் மார்க்கெட்ல நான் வாங்கின கொத்தமல்லியில இருந்தது. காட்டின அன்னிக்கி ராத்திரியே தெரிஞ்சிட்சி. சொல்ல வெக்கப்பட்டுக்கினு இத்தினி நாளு சும்மா இருந்துட்டேன். தப்பு என்னுது."

எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். மஞ்சள் புடவை அம்மா மட்டும், "எந்தப் புழுவு?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு டீச்சரை இடுப்பில் இடித்து நகர்த்தி, மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆளுக்கு ஒரு சாண் இடம் பண்ணினாள்.

"உட்காரு" என்றாள்.

என்னிடம். நேராக. நான் உட்கார்ந்தேன். முக்கால்வாசி உடம்பு வெளியில்தான் இருந்தது.

"போன எடு. அந்தப் போட்டோவ காட்டு."

எடுத்துக் கொடுத்தேன். அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி டீச்சரிடம் காட்டினாள். புழுவின் வாலடியில், நான் ஒருநாளும் கவனிக்காத ஒரு துணுக்கு இலை ஒட்டிக்கொண்டிருந்தது.

"கொத்தமல்லி" என்றாள் டீச்சர்.

"அன்னிக்கே பார்த்தேன்" என்றாள் அக்கா.

"அப்ப ஏன்க்கா அன்னிக்கே சொல்லல?"

"நான் சொன்னா அது புழுவப் பத்தின பேச்சு. நீ சொல்றியான்னுதான் பார்த்துக்கினு இருந்தேன். கடைசி நாள் வரைக்கும் இழுத்துட்டியேடி."

டீச்சர் திருவாலங்காட்டில் மனசே இல்லாமல் இறங்கினாள். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அக்கா என் பையைத் தன் மடிக்கு இழுத்து, கீரைக் கட்டை அவிழ்த்தாள்.

"அந்த முத்தல் வெண்டைய எவ்ளோ நாளு போட்ட உன் வீட்டுக்காருக்கு?"

"வெண்டைக்காய் ஒரு நாள்தான். மொத்தம் நாலு நாளு."

"அந்த நாலு நாளும் நான் தூங்கல தெரியுமா" என்றாள்.

அரக்கோணம் வந்தது. அக்கா அசையவில்லை. "அக்கா, ஊரு வந்துட்சி" என்றேன். "தெரியுது. கீரை பாதிதானே ஆயிருக்கு" என்று சொல்லிவிட்டு, போனில் வீட்டுக்காரரிடம், அடுத்த வண்டியில் திரும்பி வருகிறேன் என்றாள்.

அப்படித்தான் பதினோரு வருஷம் கழித்து அக்கா எங்கள் ஊர் மார்க்கெட்டுக்கு வந்தாள். கிருத்திகைக் கூட்டத்தில் பூக்கடைகளைத் தாண்டி நடப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்தாள், முறிந்த சத்தத்துக்குத் தலையாட்டினாள். கத்திரிக்காயின் காம்பைத் தடவிப் பார்த்து, "பரவால்ல, தண்டவாளத்தவிட நல்லாத்தான் கீது" என்றாள். நான் கொத்தமல்லி வாங்கும் கடைக்கு வந்ததும் ஒரு கட்டைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாள். "இன்னாம்மா, மரத்தையா உலுக்கற?" என்றார் கடைக்காரர். ஒன்றும் விழவில்லை. இன்னொரு கட்டை உலுக்கினாள். பொத்தென்று ஒரு பச்சைப் புழு பலகையில் விழுந்து தலையைத் தூக்கியது.

அக்கா என்னைப் பார்த்தாள். "போட்டோ எடுத்துக்கிறியா?" என்றாள்.

கடைத்தெரு என்றும் பார்க்காமல் இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

அவளை ஸ்டேஷனில் வண்டி ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமை வரேன், வாங்க, நீ வா, நான் வரேன் என்று எல்லாம் பேசிக்கொண்டோம். வண்டி நகரும்போது ஜன்னலிலிருந்து, தினமும் சொல்கிற அதே குரலில், "நாளைக்கு எடம் போட்டு வைடி" என்றாள்.

"ஆங், வெக்கிறேன்க்கா" என்றேன்.

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் நினைவு வந்தது. அதற்குள் வண்டி பிளாட்பாரத்தைத் தாண்டிவிட்டது.

மறுநாள் காலையில் பக்கத்து இடத்தில் பையை வைத்தேன். அரக்கோணத்தில் ஏறிய ஒருத்தி, "ஆள் வருதா?" என்றாள். "ஆங், வராங்க" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். திருவாலங்காட்டில் டீச்சர் ஏறினாள். பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.