அக்காவின் லீவுப் பக்கம்

ஆம்பூரில் எங்கள் ஆஃபீஸ் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருக்கிறது. ஊரே ஷூ தைத்துக்கொண்டிருக்க, நாங்கள் ஏழெட்டுப் பேர் அந்த ஷூ கம்பெனிகளுக்கு வெப் அப்ளிகேஷன் எழுதிக்கொண்டிருந்தோம். வருகை, ஷிப்ட், லீவு எல்லாம் போனிலேயே போடலாம். என் அக்கா தையல் பிரிவில் வேலை செய்யும் கம்பெனியும் எங்களிடம்தான் வாங்கியிருந்தது. “இன்னிக்கு உன் ஆப்புலதான் லீவு போட்டேன்” என்று அவள் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறும்.

அக்கா அந்த வருடம் நிறைய லீவு போட்டாள். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் மாமாவுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. முதல் தடவை உண்டானபோது சந்தோஷத்தில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். அது கலைந்துபோனதும், அதே ஆட்களிடம் போய் இல்லை என்றும் சொல்ல வேண்டியிருந்தது. தெருவில் ஒருத்தி கேட்பாள், சர்ச்சில் ஒருத்தி, கம்பெனி பஸ்ஸில் ஒருத்தி. ஒவ்வொருத்தியிடமும் முதலிலிருந்து சொல்லி அழுதாள். இந்தத் தடவை வயிறு தெரியும்வரை மாமியாரிடம்கூட வாயைத் திறக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

லீவு வேண்டுமானால் ஆஸ்பத்திரிச் சீட்டைப் படம் எடுத்துப் போட வேண்டும். அக்கா தயங்கினாள். “உங்க ஹெச்.ஆர். மேடம் தவிர ஒரு ஈ காக்கா பாக்க முடியாது, போடுக்கா” என்றேன். தங்கச்சி சொன்னால் அவளுக்கு வேதவாக்கு.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் முதலாளி எங்கேயோ கேட்டுவிட்டு வந்து, கோடிங்கைத் தானாகவே சோதிக்கும் ஒரு கருவியை மாட்டச் சொன்னார். தலையை மடியில் போட்டுப் பேன் பார்ப்பதுபோல அது ஒவ்வொரு வரியாகப் பிரித்துப் பார்க்கும். இதே வேலையை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய், இந்தப் பெயரை எங்கேயும் பயன்படுத்தவில்லை, இந்தப் பகுதி ரொம்ப நீளம் என்று ஓயாமல் குறை சொல்லும். முதல் நாள் அது கொட்டிய குறைகளைப் பார்த்து எல்லாருக்கும் முகம் தொங்கிவிட்டது. “மாமியார்கூட இவ்ளோ ஜாஸ்தி சொல்ல மாட்டாங்க” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் முதலாளி ஒரு சட்டம் போட்டிருந்தார்: திரையில் சிவப்பு போய்ப் பச்சை வந்தால்தான் புது வேலை எதையும் வாடிக்கையாளருக்குக் கொடுக்கலாம்.

குறைகளைத் தரம் பிரிக்கும் பொறுப்பு எங்கள் டெஸ்டிங் அண்ணனிடம் போனது. வாணியம்பாடியில் ஒரு டேனரியில் பல வருடம் தோல் தரம் பிரித்தவர். பிறகு கம்ப்யூட்டர் படித்துவிட்டு இங்கே வந்தவர். பொறுமைசாலி. பழைய தொழில் அவர் கண்ணிலேயே இருந்தது. தோலை மேசையில் விரித்தால், மாடு மேயும்போது முள் கீறி ஆறின தழும்பு, உண்ணி கடித்த புள்ளி இதெல்லாம் ‘நேச்சுரல்’. வாங்குகிறவன் ஒத்துக்கொள்வான். கத்தி பட்ட வெட்டு, மெஷின் போட்ட மடிப்பு என்றால் நம் கையால் வந்த குற்றம், அதைத் தள்ள வேண்டும்.

அண்ணன் கோடிங்கையும் அப்படியே பிரித்தார். “பழசுல இருக்கிறதெல்லாம் நேச்சுரல் ம்மா. அது மாட்டோட வந்தது. இத்தினி வருசம் ஓடிச்சே, இன்னா ஆயிப்போச்சு? நாம புதுசா போடற வெட்ட மட்டும் பாப்போம்.”

தோல் ஊரில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இதைவிடப் புரிகிற மாதிரி யார் சொல்ல முடியும்? பழைய குறை ஒவ்வொன்றின் மேலும் ‘ஏற்கப்பட்டது’ என்று தட்டினார். தட்டத் தட்ட அது கண்ணைவிட்டு மறைந்தது. திரை பச்சையானது. முதலாளி ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கி வந்தார். நானும் இரண்டு தின்றேன்.

எங்களிடம் இருந்ததிலேயே பழசு அந்த லீவுப் பக்கம்தான். ‘கேட்கிற ஆளுக்கு இதைப் பார்க்க உரிமை உண்டா என்று இந்தப் பக்கம் சோதிக்கவில்லை’ என்று கருவி அதைப் பற்றியும் சொல்லியிருந்தது. அதற்கும் அண்ணன் தட்டியிருந்தார்.

அக்கா வீட்டு ஜெபக் கூட்டத்தில்தான் விஷயம் வெடித்தது. நானும் பாயில் உட்கார்ந்திருந்தேன். அக்காவோடு தையல் பிரிவில் இருக்கும் ஒரு பெண் கண்ணை மூடி உருகி ஜெபித்தாள். “ஆண்டவரே, எங்க சகோதரி ஆஸ்பத்திரிக்கு அலையறாங்களே, இந்த சிகிச்சைய ஆசீர்வதிச்சு கர்ப்பத்தின் கனியத் தாங்க.” எல்லாரும் ஆமென் சொன்னார்கள். மாமியார் மட்டும் கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள்.

நான் யாருக்கும் சொல்லவில்லை என்பதை அவள் நம்ப அந்த ஜெபக்காரியே வர வேண்டியிருந்தது. அவளிடம் கபடம் இல்லை. லிங்க்கின் கடைசியில் இருக்கும் எண்ணை மாற்றினால் அடுத்தவர் லீவும் சீட்டும் திறக்கும் என்று சாப்பாட்டு வேளையில் யாரோ காட்டினார்களாம். “பாவம்னுதான் ஜெபிச்சேன்” என்றாள். அவள்மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் அந்தப் பக்கத்தைச் சரிசெய்தோம். சில வரிகள்தான், டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அண்ணன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். “யாரோட லீவு ம்மா அது? தெரிஞ்ச பொண்ணா?” என்றார். “தெரியாதுண்ணா” என்றேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று மனதைத் தேற்றிப் பார்த்தேன். சறுக்கின யானை என் அக்காமேல் அல்லவா விழுந்திருந்தது.

அந்த மாதம் சிகிச்சை பலிக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கம்பெனியில் பார்க்கிறவர்கள் எல்லாம் கண்ணால் அவள் வயிற்றைத் தடவிப் பார்த்தார்கள் என்று மாமா சொன்னார். விடிந்ததும் அக்கா வீட்டில் போய் நின்றேன். அக்கா டிபன் பாக்ஸில் சோறு அடைத்துக்கொண்டிருந்தாள். என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

“அந்தப் பக்கத்த யார் யாரு தொறந்து பாத்தாங்கன்னு உங்க ஆஃபீஸ்ல தெரியுமா?” என்றாள்.

“எதுக்குக்கா?”

“பாத்தவங்ககிட்ட மட்டும் இந்தத் தடவயும் இல்லன்னு சொல்லிட்டா போதும்ல.”

யார் திறந்தார்கள் என்று பதிந்துவைக்கும் ஏற்பாட்டை நாங்கள் அந்தப் பக்கத்தில் வைத்திருக்கவேயில்லை. “தெரியாதுக்கா” என்றேன்.

“சரி, அப்ப எல்லாருக்கும்தான் சொல்லணும்” என்று டிபன் பாக்ஸை மூடிப் பையில் வைத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குப் போனாள்.