முள்ளுச்சாமி சொன்ன வாக்கு

எங்கள் வீட்டுச் சாமி ஒரு முள்ளெலி. நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் நாங்கள் மல்லிகை போட்டிருந்த தோட்டத்தில், வேலியோரக் கல்லுக்கு அடியிலிருந்து தாய்மாமா அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். கை பட்டதும் மூஞ்சி, கால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்து முள்பந்தாகிவிட்டது. "சாமி தவத்துல இருக்கு, யாரும் பேசப்படாது" என்று மாமா அதை ஒரு உடைந்த சட்டியில் உட்காரவைத்து விபூதி தூவினார்.

முள்ளுச்சாமி என்று பேர் வைத்தவள் நான்கு வயதுத் தங்கச்சி. கழித்துப்போட்ட மொட்டுகளை முள்ளுக்கு ஒன்றாகக் குத்தி அலங்காரம் செய்வாள். விளக்கு வைக்கும் நேரத்தில் மாமா செல்போனில் நாதஸ்வரம் போட்டுவிட்டு வாக்குக் கேட்பார். ஒரு கட்டிக் கற்பூரம் அணைவதற்குள் சாமி முகத்தைக் காட்டினால் ஆமாம். காட்டாவிட்டால் இல்லை.

"எனக்கு இந்த வருசமாச்சும் பொண்ணு அமையுமா, சாமி?"

சாமி இன்னும் இறுகிக்கொண்டது.

"சாமிக்கே ஒன்னயப் பத்தித் தெரிஞ்சிருக்குடா தம்பி" என்றாள் அம்மா.

அப்பா மட்டும் சேரமாட்டார். "எலிக்கு வந்த வாழ்வப் பாரு" என்று கடந்து போய்விடுவார்.

எனக்கு ஒரு ரகசியம் பிடிபட்டிருந்தது. கறையான் ஒன்றை விரலிடுக்கில் வைத்து மூக்குப் பக்கம் நீட்டினால் போதும், சாமி தவம் கலைந்து முகத்தை நீட்டிவிடும். யாரிடமும் சொல்லவில்லை.

தை மாதம் தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தது. மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் மூச்சுவிடும்போதெல்லாம் அவள் விலா உள்ளே குழிந்தது.

"இப்பவே நிலக்கோட்டைக்குத் தூக்கிட்டுப் போயிருவம்" என்றாள் அம்மா.

"நாளைக்கு முகூர்த்தப் பூவுடி. விடியுறதுக்குள்ள பறிக்கலேன்னா அம்புட்டும் விரிஞ்சு போகும். ஆள் வேற வரல. மத்தியானம் நானே தூக்கிட்டு வாரேன்" என்றார் அப்பா.

"பூவு விரிஞ்சா விரியட்டும்யா! பிள்ளையப் பாரு!"

அப்பா சட்டியை இழுத்து வைத்து, தட்டில் கற்பூரம் ஏற்றினார். அதுவரை அந்தச் சட்டிப் பக்கமே வராதவர்.

"நாளை மத்தியானம் வரைக்கும் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதில்ல? சொல்லு சாமி."

யாரும் சிரிக்கவில்லை. தங்கச்சி மட்டும் அம்மா மடியில் கிடந்தபடி எட்டிப் பார்த்தாள். சாமி அசையவே இல்லை. கற்பூரம் பாதிக்கு மேல் எரிந்துவிட்டது. சாமி இல்லை என்று சொல்லிவிட்டால் தங்கச்சிக்கு என்னவோ ஆகிவிடும் என்று எனக்குப் பட்டது. ஆமாம் என்று சொல்லவைத்துவிட்டால் அவள் பிழைத்துக்கொள்வாள். சட்டிக்கு அடியில் ஊர்ந்த கறையான் ஒன்றைப் பிடித்து நீட்டினேன்.

முள்பந்து மெல்லப் பிரிந்தது. கூர்மூக்கு வெளியே வந்தது.

"சிரிக்குது" என்றாள் தங்கச்சி. அம்மா அவளை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

விடியுமுன் அப்பாவும் மாமாவும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பறிக்கப் போனார்கள். பூ அவ்வளவும் விரியாமலேயே வந்து சேர்ந்தது. அதைச் சந்தை வண்டியில் ஏற்றிவிட்ட பிறகு ஆட்டோ பிடித்தார்கள். நிலக்கோட்டை எல்லையைத் தொடுவதற்கு முன்பே அம்மா அழுத சத்தத்தில் ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டாராம்.

காரியம் முடிந்ததும் மாமா முள்ளெலியை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டார். அப்புறம் அவர் வேடிக்கை பேசி நான் கேட்டதில்லை. சாமியை ஏமாற்றித் தங்கச்சியைக் கொன்றது நான்தான் என்று எனக்குத் தெரியும். ஏழாம் வகுப்போடு வீட்டைவிட்டுப் போனேன். திருப்பூர், ஈரோடு, பிறகு லாரி. போகிற ஊரிலெல்லாம் அதைச் சுமந்துகொண்டுதான் தூங்கினேன்.

ஒன்று மட்டும் வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது. அன்று நான் கறையானை நீட்டியபோது அப்பா என் விரல்களைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பார்த்துவிட்டு, என் கை இருட்டில் விழும்படி கற்பூரத் தட்டை அந்தப் பக்கம் நகர்த்திப் பிடித்தார். எனக்குச் சூடு படக் கூடாது என்றுதான் நகர்த்துகிறார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.