மேக்கில் பார்த்த பொருத்தம்

என் அக்காவின் கணவருக்கு வீடு உலு திராமில், வேலை சிங்கப்பூரில். எல்லைப் பாலம் தாண்டி வேலைக்குப் போய்வருகிறவர்களெல்லாம் அறிவாளிகள் என்பது மாமாவின் எண்ணம். அவர்களில் முதல் ஆள் தான்தான் என்பதும். அந்தத் தகுதிக்கு ஏற்ப, பழைய கணினியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு மேக் வாங்கினார். ஆனால் பல வருடமாக அவர் வைத்திருந்த ஜாதக மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும். அதை விட அவருக்கு மனமில்லை. எங்கள் குடும்பத்தில் அதன் சம்மதமில்லாமல் யாரும் தாலி கட்டியதில்லை.

விண்டோஸ் மென்பொருளை மேக்கில் ஓட்டித் தருகிற இன்னொரு மென்பொருளை இறக்கினார். எந்த நாடு, தேதியை எப்படி எழுதுவீர்கள் என்றெல்லாம் அது கேட்டது. நின்று வாசிப்பது மாமாவுக்குக் கௌரவக் குறைச்சல். எல்லாவற்றுக்கும் ‘ஓகே’ அழுத்தினார். பழைய திரை புதுக் கணினியில் திறந்ததும், ராக்கெட் விட்டவரைப் போல எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போது என் தங்கைக்கு ரெங்கத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. இருவருக்கும் பிடித்துப்போய், தினமும் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா பிறந்த தேதிகளைத் தட்டினார். பெண்ணுக்குக் கேட்டை நட்சத்திரம், மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஆகாது என்று வந்தது. எங்களிடம் சொல்லும் முன்பே அதை மாப்பிள்ளை வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியும் விட்டார்.

“மாமா, அவ ரோகிணி. வருஷா வருஷம் கோயில்ல அந்த நட்சத்திரத்துக்குத்தான் அர்ச்சனை பண்றோம்” என்றேன்.

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாது லா. உங்கம்மா தப்பா ஞாபகம் வச்சிருப்பாங்க.”

பெற்றவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் திரையைப் பார்த்தேன். தேதியில் நாளும் மாதமும் இடம் மாறிக் கிடந்தன. மாதத்தை முதலில் வைத்துப் படித்த அந்த மென்பொருள், எங்கள் வீட்டில் பிறக்கவே பிறக்காத ஒருத்திக்கு ஜாதகம் கணித்திருந்தது. சுட்டிக் காட்டினேன்.

“ஓ, அது அமெரிக்கா ஸ்டைல்” என்றார் மாமா, ஏதோ உயர்ந்த ரக ஜாதகம் போல.

திருத்திப் போட்டதும் ரோகிணியும் வந்தது, பொருத்தமும் வந்தது. மாமா அதையும் அனுப்பிவைக்க, மாப்பிள்ளையின் அம்மா போன் செய்து தேன் ஒழுகப் பேசினார். தங்கைதான் மாட்டேன் என்றுவிட்டாள்.

“கேட்டைன்னதும் ஒரு மெசேஜுக்கும் பதில் இல்ல. ரோகிணின்னதும் குட் மார்னிங் அனுப்புறாரு. இவரோட நான் எப்படிக் குடும்பம் நடத்துறது?”

மாமா மட்டும், இவ்வளவு நல்ல பொருத்தம் திரும்பக் கிடைக்காது என்று வாதாடினார். தங்கை எழுந்து சாப்பிடப் போய்விட்டாள்.

பிறகு, கூட வேலை பார்த்தவரை அவளாகவே தேர்ந்தெடுத்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். ஜாதகம் என்ற பேச்சே எழவில்லை. இப்போது இருவரும் யோங் பெங்கில் நன்றாக இருக்கிறார்கள். அவர்கள் கல்யாண விருந்தன்று, ஜாதக மென்பொருளில் புதுப் பதிப்பு வந்துவிட்டது, மேக்கில் அருமையாக ஓடுகிறது என்று பக்கத்து மேசைக்காரரிடம் மாமா விளக்கிக்கொண்டிருந்தார்.