குழாய் வழி வந்த சத்தம்

அக்காவுக்கு எட்டு வயதில் வந்த காய்ச்சல், போகும்போது அவள் காதையும் கொண்டுபோய்விட்டது. எழுபதுகளில் நாங்கள் மூணாறுக்கு மேலே ஒரு எஸ்டேட் லயத்தில் இருந்தோம். வரிசையாகப் பத்து வீடுகள். அம்மா கொழுந்து பறிக்கப் போவாள், அப்பாவுக்கு ஃபாக்டரியில் வேலை. பகல் முழுக்க மூடுபனிக்குள் நானும் அக்காவும்தான்.

லயத்தின் பின்சுவரை ஒட்டி இரும்புத் தண்ணீர்க்குழாய் ஓடியது. கடைசி வீட்டில் யாராவது குடத்தை அதில் இடித்தால், முதல் வீட்டில் குழாய்மேல் கைவைத்திருக்கும் அக்கா குடம் தூக்குவதுபோல் செய்துகாட்டுவாள். எனக்கு எதுவும் கேட்டிருக்காது. ஒருநாள் அவள் என் தலையைப் பிடித்து இரும்பில் அழுத்தினாள். காற்றில் பாதிவழியிலேயே செத்துப்போகும் சத்தம், இரும்புக்குள் ஓடிவந்து பக்கத்தில் தட்டியதுபோல் காதில் விழுந்தது. பிறகு அதுவே எங்கள் விளையாட்டு. நான் தூரப்போய்க் கல்லால் தட்டுவேன், அவள் திரும்பிச் சிரிப்பாள்.

அவளுக்குப் பத்து வயதானபோது, கம்பவுண்டர் ஒருவர் கீழே டவுனில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் இடம் வாங்கித் தந்தார். தங்கிப் படிக்க வேண்டும். பள்ளியின் படத்தைக் காட்டிக் கைச்சாடையில் அவளுக்கும் விளக்கினார். திங்கட்கிழமை பஸ். அதன் பிறகு பகல் முழுக்க அந்தப் பனியில் நான் தனியாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா பின்வாசலில் உட்கார்ந்திருந்தார். அக்கா குழாயில் சாய்ந்து நின்றாள். அவள் முதுகுப்பக்கம் நாலு வீடு தள்ளிப் போய், பாவாடை மறைவில் குழாயைக் கல்லால் ஒரு தட்டு தட்டிக்கொண்டே "அக்கா!" என்று கத்தினேன். அவள் திரும்பினாள்.

அப்பா எழுந்துவிட்டார். "இன்னொருக்கா கூப்பிடு புள்ள."

மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் திரும்பிச் சிரித்தாள்.

அம்மா ஓடிவந்தாள். "நேத்து வரைக்கும் கேக்கலியே?"

"அப்பப்போ கேக்கும்மா" என்றேன் நான்.

"பாத்தியா? காது கேளாத பிள்ளைகளோட கொண்டு விட்டா இருக்கிறதும் போயிரும்" என்றார் அப்பா. அவர் கண் கலங்கியிருந்தது.

குழாயை விட்டு விலகி நிற்கும்போது எவ்வளவு கூப்பிட்டும் அவள் திரும்பாததில், ஒரு வாரத்தில் உண்மை தெரிந்தது. அதற்குள் அந்த இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டது. அப்பா என்னை ஒன்றும் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. நாலைந்து வருஷத்தில் அக்கா கூடை மாட்டிக்கொண்டு அம்மாவோடு மலையேறினாள்.

ஆனால் எனக்கு மறக்காதது அந்தத் திங்கட்கிழமைதான். முடிவு மாறியதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை. விடிந்ததும் தானே ரெட்டைச்சடை போட்டு, துணிமூட்டையோடு ரோட்டோரம் போய் நின்றாள். பஸ் வந்தது. கை காட்டினாள். தனியாக நின்ற சிறுமிக்காக அது நிற்கவில்லை. பனிக்குள் அது மறைந்த பிறகும் அவள் நகரவில்லை. நான் கையைப் பிடித்து இழுத்தேன், உதறினாள். குளிரில் வந்த கோபம் என்று நினைத்து, மேலே போர்த்திவிட அம்மாவின் கம்பளியை எடுத்து வந்தேன். அவளுக்கு அங்கே போக ஆசை இருந்திருக்கும் என்பது என் புத்திக்கு எட்டவேயில்லை.