புதன்கிழமை வாரவிடுப்பு

1

டிரைவர் மைதீன் பிச்சையின் மணிக்கட்டு முறிந்த புதன்கிழமை அவர் வாரவிடுப்பில் வீட்டில் இருந்தார். ரிஜிஸ்டர் அப்படித்தான் சொன்னது. அதை எழுதிய மகானுபாவன் நான்.

தென்காசியில் எட்டு பஸ் ஓட்டிய ஒரு கம்பெனியில் நான் ஆபீஸ் கிளார்க். மோட்டார் தொழிலாளர் சட்டம் அறுபத்தொன்றிலேயே வந்துவிட்டாலும் எங்கள் ஷெட் வரை அதன் காற்று வீசச் சில வருஷம் ஆனது. டிரைவருக்கு நாளுக்கு எட்டு மணி நேர வேலை, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, எல்லாவற்றுக்கும் ரிஜிஸ்டர் என்று இன்ஸ்பெக்டர் வந்து பொறுமையாக விளக்கினார். அவர் தலை மறைந்ததும் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏல சங்கரபாண்டி, சாரல் விழுத நேரத்துல டிரைவரு வீட்டுல படுத்துக் கெடந்தா வண்டிய யாருல ஓட்டுவா?"

ஆனி ஆடியில் குற்றாலத்துக்கு விடிந்ததிலிருந்து ஸ்பெஷல் அடிப்போம். மாற்று டிரைவர் ஒருவர்கூடக் கிடையாது. இரண்டு பேரை வேலைக்கு எடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ பெரிய மூளைக்காரன் மாதிரி ஒரு வழி கண்டுபிடித்தேன். மாதம் பிறந்ததும் ஒவ்வொரு டிரைவருக்கும் வாரவிடுப்பு நாளைக் குறித்து, முப்பதாம் தேதி வரைக்கும் ஒரே மூச்சில் கையெழுத்து வாங்கிவிடுவேன். பேப்பரில் ஆள் லீவு, ரோட்டில் வண்டி ஓடும். சீசன் முடிந்ததும் சேர்த்து லீவு தருவதாகப் பேச்சு. அதை நம்பி அவர்களும் சிரித்துக்கொண்டே போட்டார்கள்.

2

அந்தப் புதன்கிழமை குற்றாலம் ஸ்டாண்டில் நல்ல சாரல். பழைய வண்டி, பேட்டரி இறங்கிவிட்டது. ஜனங்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். மைதீன் பாய் தானே இறங்கி, இன்ஜினைக் கிளப்ப முன்பக்கத்தில் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். அது திருப்பி அடித்ததில் மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டு எலும்பு கூடிய பிறகும் மணிக்கட்டு வளைந்தே நின்றது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. இருபது வருஷம் வண்டி ஓட்டியவர். வேறு தொழில் தெரியாது. சட்டப்படி நஷ்டஈடும், உட்கார்ந்து பார்க்கிற ஒரு வேலையும் கேட்டார். அதிகமாக ஒன்றும் கேட்கவில்லை.

முதலாளியும் முதலில், நம்ம ஆளு, செய்துவிடுவோம் என்றுதான் சொன்னார். பிறகு கம்பெனி வக்கீல் வந்தார். என் ரிஜிஸ்டரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. லீவு நாளில் தானாக வந்து வண்டியைத் தொட்டவனுக்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும் என்றார். முதலாளிக்கு அது வசதியாக இருந்தது. மைதீன் நஷ்டஈட்டுக்காகப் பொய் சொல்கிறான் என்று ஊருக்குள் பேச்சுக் கிளம்பியது. அவருடைய சம்பந்தி வீட்டிலேயே கேட்டுவிட்டார்களாம். உண்மை எனக்குத் தெரியும். ஆனாலும் மற்ற டிரைவர்களைப் போல நானும் வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டு இரண்டு மாதம் இருந்தேன்.

3

மைதீன் போட்ட நஷ்டஈட்டு மனுவை விசாரிக்கத் தொழிலாளர் துறை அதிகாரி தென்காசியிலேயே கேம்ப் போட்டார். ரிஜிஸ்டரைக் கொண்டு வா, கையெழுத்து யாருடையது என்று கேட்டால் மட்டும் சொல், வேறு பேசாதே என்பது எனக்கு வக்கீலின் உத்தரவு.

அதிகாரி விபத்து நடந்த மாதத்துப் பக்கத்தை மைதீனிடம் காட்டினார்.

"எங்கையெழுத்துதான்யா. ஒண்ணாந்தேதியே போட்டது" என்றார் மைதீன்.

அதற்கு என்ன சாட்சி என்று வக்கீல் எழுந்தார். அதிகாரி என்னைப் பார்த்தார், முதலாளியும் பார்த்தார். வளைந்த கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு மைதீன் மட்டும் தரையைப் பார்த்தபடி நின்றார். நான் ரிஜிஸ்டரை வாங்கி, நடப்பு மாதத்துப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். அன்று தேதி ஒன்பது. முப்பது வரைக்கும் எல்லா டிரைவரும் விடுப்புக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"இந்தத் தேதியெல்லாம் இன்னும் வரலையேப்பா" என்றார் அதிகாரி.

"வரலைங்கய்யா. நாந்தான் முந்தியே வாங்கி வச்சுக்கிடுவேன். அந்தப் புதன்கிழமை இவரு டியூட்டிலதான் இருந்தாரு."

தீர்ப்பு மைதீன் பக்கம் வந்தது. பொய் ரிஜிஸ்டருக்குக் கம்பெனி தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. முதலாளி மூன்று நாள் என் முகத்தில் விழிக்கவில்லை. நாலாம் நாள் இரண்டு மாற்று டிரைவர்களைத் தேடச் சொன்னார். மைதீனுக்கு புக்கிங் கவுண்டரில் நாற்காலி போட்டுக் கொடுத்தார். இதை முன்னமே செய்திருந்தால் எங்களுக்கு வக்கீலே வேண்டியிருக்காது.

கவுண்டரில் உட்கார்ந்த முதல் நாள் மைதீன் பாய் என் மேஜைக்கு வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நானும் வெட்கமில்லாமல் காத்திருந்தேன்.

"கையி வலி ஆறிட்டு அண்ணாச்சி. ரெண்டு மாசமா பொய்யன்னு பேரு வாங்குனதுதான் ஆறல. நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும் வரைக்கும், நாள் முடிந்து வண்டி ஷெட்டுக்குள் வந்த பிறகுதான் அந்த நாளுக்குக் கையெழுத்து வாங்கினேன்.