முட்டியில் மண் இல்லாத திங்கட்கிழமை

எங்கள் பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை காலை ஆனால் யார் வீட்டு மானமும் மிஞ்சாது. தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து, உறுதிமொழி முடிந்து, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் மைக்கை வைப்பார்கள். வகுப்புக்கு ஒரு பிள்ளை போய், போன வாரம் தன் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் வாரச் செய்தி. பிள்ளைகளுக்குக் கூச்சம் போகட்டும், ஒருத்தர் கஷ்டம் இன்னொருத்தருக்குத் தெரியட்டும் என்று பெரிய சிஸ்டர் நல்ல எண்ணத்தில்தான் அதை வைத்திருந்தார். எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்கு ஏது விவரம்? எங்கள் வீட்டு மாடு கன்று போட்டது என்று ஒருத்தன் சொல்வான். எங்கள் அக்கா வயசுக்கு வந்துவிட்டாள் என்று ஒருத்தி சொல்லுவாள், அஞ்சாம் வகுப்பில் நிற்கும் அவள் அண்ணன் தலையில் அடித்துக்கொள்வான். "எங்கப்பா இந்த வாரம் குடிக்கவே இல்ல" என்று இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மைக்கில் முழங்க, கேட்டுக்கு வெளியே நின்ற அவன் அப்பா வண்டியைக் கிளப்பிக்கொண்டு பறந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

நல்ல செய்தி என்றால் எல்லோரும் கை தட்டுவோம். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால், மொத்தப் பள்ளிக்கூடமும் அந்த இடத்திலேயே முட்டி போட்டு வேண்டிக்கொள்வோம். எங்களில் வேதக்காரப் பிள்ளைகள், அதாவது கிறிஸ்தவர்கள், கொஞ்சம் பேர்தான். மற்றவர்களெல்லாம் நெற்றியில் விபூதியோடு கைகூப்பி, மாதா சொரூபத்தைப் பார்த்து, பக்கத்து வீட்டு ஆயாவின் சர்க்கரைப் புண் ஆற வேண்டும் என்று மனசார வேண்டுவோம். மைதானம் செம்மண். சாயங்காலம் முட்டியில் அந்தச் சிவப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அம்மா அதைத் துடைத்துக்கொண்டே, "இன்னிக்கு யாருக்கு உடம்பு சரியில்லயாம்?" என்று கேட்பாள். அவளும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். பெரிய சிஸ்டர் சின்ன சிஸ்டராக இருந்தபோது அவளுக்குக் கணக்குப் பாடம் எடுத்தவர்.

நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா சவுதியில் கட்டட வேலையில் இருந்தார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போன் வரும். ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை. மறுநாள் சித்தப்பா வந்து வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டு, அண்ணனுக்கு வேலை செய்கிற இடத்தில் காலில் அடி, எலும்பு முறிந்துவிட்டது, பெரிய கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னார்.

உண்மையில் அப்பா சாரத்திலிருந்து விழுந்து அங்கேயே இறந்துபோயிருந்தார். சித்தப்பாவுக்குத் தெரியும், அப்பாவின் அக்காவான அத்தைக்குத் தெரியும், மலையடியில் இருக்கும் எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் தெருவில் அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாதவர்கள் இரண்டே பேர், நானும் அம்மாவும். அம்மாவுக்கு அப்போது எட்டாம் மாதம். எனக்குப் பிறகு உண்டான ஒரு குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போயிருந்தது. இந்தத் தடவை பிரஷர் ரொம்ப ஜாஸ்தியாக இருக்கிறது, அதிர்ச்சியாக எதையும் சொல்லிவிடாதீர்கள், தாய்க்கே ஆபத்து என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். உடல் வந்து சேர எப்படியும் வாரக்கணக்கில் ஆகும் என்றார்களாம். அதற்குள் பிரசவம் ஆகிவிட வேண்டும் என்று எல்லோரும் வேண்டாத சாமி இல்லை.

அத்தை மூட்டை முடிச்சோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அம்மாவின் போன் ரிப்பேர் என்று சித்தப்பா வாங்கிக்கொண்டு போனார். துக்கம் கேட்க வருகிற சொந்தக்காரர்களைத் தெருமுனையிலேயே மடக்கித் திருப்பி அனுப்பினார்கள். சித்தப்பாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. அவர் சொன்ன ஒவ்வொரு பொய்யும் அடுத்த பொய்யின் காலை வாரிவிடும்.

"கால்ல தான தம்பி அடி? ஒரு வார்த்த பேசறதுக்கு இன்னா?" என்று அம்மா கேட்டாள்.

"பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு அண்ணி."

"கால் ஒடஞ்சதுக்கும் பேசறதுக்கும் இன்னா சம்பந்தம்?"

"அந்த ஊர்ல அப்பிடித்தான் அண்ணி. ரூல்ஸ் ஜாஸ்தி."

நான் இதை நம்பினேன். அம்மாவும் நம்பத்தான் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்த பௌர்ணமிக்கு, "அவரு கால் சீக்கிரம் ஆறணும்னு வேண்டிக்கிட்டு ஒரு சுத்து சுத்திட்டு வந்துடுங்க தம்பி" என்று சித்தப்பாவிடம் சொன்னாள். சாவுத் தீட்டோடு மலையைச் சுற்றக்கூடாது. மாட்டேன் என்றால் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிடும். மனிதர் என்ன செய்வார்? செத்துப்போன அண்ணனின் கால் ஆறுவதற்காக வெறுங்காலோடு கிரிவலம் போய்விட்டு வந்து, அம்மா கையில் விபூதிப் பொட்டலத்தையும் கொடுத்தார். அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கண் முழித்து நடந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பா பள்ளிக்கூடத்துக்கும் போய்ப் பெரிய சிஸ்டரிடம் விஷயத்தைச் சொல்லி, டீச்சர்கள் யாரும் வாய் தவறி என்னிடம் எதுவும் சொல்லிவிட வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு வந்தார். எல்லாவற்றையும் யோசித்தவர் திங்கட்கிழமையை மறந்துவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமை எங்கள் மிஸ் வேறு ஒருத்தியைத்தான் மைக்குக்கு அனுப்பப் பார்த்தார். விடுவேனா நான்? அவள் வீட்டில் மிக்ஸி வாங்கியதுதான் செய்தி. எனக்கோ சவுதியிலிருந்தே செய்தி வந்திருக்கிறது. அவளை இடித்துத் தள்ளிவிட்டு ஓடிப் போய் மைக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கப்பாவுக்கு சவுதியில கால் ஒடஞ்சு போச்சு. இம்மாம் பெரிய கட்டு போட்டிருக்காங்க. நல்லாயிட்டு தீபத்துக்கு வந்துடுவாரு. எல்லாரும் வேண்டிக்கங்க."

சொல்லி முடித்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் வழக்கம்போல முட்டி போட ஆரம்பித்தார்கள். பெரிய சிஸ்டர் கையைத் தூக்கினார். "யாரும் முட்டி போட வேண்டாம். எல்லாரும் நில்லுங்க" என்றார். விடுவிடுவென்று ஆபீஸ் அறைக்குள் போய் ஒரு மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் எடுத்துக்கொண்டு வந்தார். மாதா காலடியில் அதை ஏற்றிவைத்து, காற்றில் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். உதடு மட்டும் அசைந்தது. ரொம்ப நேரம் அப்படியே நின்றார். சத்துணவு ஆயா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வரிசைக்குத் திரும்பியதும், பக்கத்தில் நின்ற என் வகுப்பு ஜெனிபர் என் காதருகில் வந்து, "உங்கப்பாவுக்கு மட்டும் ஏன்டி மெழுகுவத்தி?" என்றாள்.

"எங்கப்பா வெளிநாட்டுல இருக்காரு இல்ல, அதான்" என்றேன். அவளுக்குப் பொறாமை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு முழுக்கத் தரையில் கால் பாவாமல்தான் திரிந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அம்மா பின்கட்டில் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என் முட்டியைப் பார்த்தாள்.

"இன்னிக்கு யாருக்கும் ஒண்ணும் இல்லயா?"

"நம்ம அப்பாவுக்குத்தாம்மா. நான்தான் மைக்குல சொன்னேன்."

"அப்ப முட்டியில மண்ணக் காணமே?"

"சிஸ்டர் முட்டி போட வேணாம்னுட்டாங்க. எல்லாரும் நின்னோம். அப்பாவுக்கு மெழுகுவத்தி ஏத்துனாங்க தெரியுமா! இதுவரைக்கும் யாருக்குமே ஏத்துனதில்ல."

கீரை உருவுகிற கை நின்றது.

"பெரிய சிஸ்டரேவா ஏத்துனாங்க?"

"ஆமா."

"ஏத்திட்டு ஏதாச்சும் பேசுனாங்களா?"

"ஒண்ணும் பேசல. கண்ண மூடிக்கினு நின்னாங்க. ஆயா கூட அழுதுச்சு."

அம்மா படித்த காலத்தில் வாரச் செய்தியில் மூன்று விதம் இருந்ததாம். நல்லதுக்குக் கைதட்டல், நோய்க்கு முட்டி, சாவுக்கு மெழுகுவத்தி. சாவு என்றால் யாரும் முட்டி போடக்கூடாது. எழுந்து நிற்க வேண்டும், சிஸ்டர் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் பேசாமல் நிற்பார். அதைப் பார்த்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பயந்துபோய் அம்மா அம்மா என்று அழுததால், நான் சேருவதற்கு முன்பே அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். சாவுச் செய்தியை மைக்கில் சொல்வதும் நின்றுபோனது. அதனால் எங்களுக்குக் கைதட்டலும் முட்டியும் மட்டும்தான் தெரியும். பெரிய சிஸ்டரால் எங்கள் வீட்டாருக்குக் கொடுத்த வாக்கை மீற முடியவில்லை. செத்துப்போனவருக்குக் கால் குணமாக வேண்டும் என்று கடவுளிடம் கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை. திகைத்துப்போன நேரத்தில் கை தானாகப் பழைய வழக்கத்துக்குப் போயிருக்கிறது. இந்தக் குழந்தைகளுக்கு என்ன தெரியப்போகிறது என்றுதான் நினைத்திருப்பார். அந்தக் காலத்துக் குழந்தை ஒருத்தி எட்டு மாத வயிற்றோடு என் வீட்டில் உட்கார்ந்திருப்பது அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அம்மா மறுபடி கீரை உருவ ஆரம்பித்தாள். இலையெல்லாம் தரையிலும் காம்பெல்லாம் முறத்திலும் விழுந்தன. நான் சிரித்தேன். "அய்யோ அம்மா, மாத்திப் போடற" என்றேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட்டாள்.

"மெழுகுவத்தி ஏத்துனத அத்தைகிட்ட சொல்லாத. சித்தப்பாகிட்டயும் சொல்லாத."

"ஏன்? நல்ல விஷயம்தான?"

"நான் சொல்றேன் இல்ல? பாவம், அவங்க ரெண்டு பேரும் ஏற்கனவே ரொம்பக் கஷ்டப்படறாங்க."

எனக்குக் கோபமான கோபம். வாழ்க்கையில் முதல்முறையாகச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்று நடந்திருக்கிறது, அதையும் சொல்லக்கூடாதாம்! அன்றைக்குச் சாப்பிடாமல் முறைத்துக்கொண்டு திரிந்தேன்.

அதற்குப் பிறகு அம்மா போனைக் கேட்கவே இல்லை. சித்தப்பா தினமும் சாயங்காலம் வருவார். "இன்னிக்குக் கால் எப்படி இருக்காம் தம்பி?" என்று அவளாகவே கேட்பாள். அவருக்கும் தைரியம் வந்துவிட்டது. "கட்டப் பிரிச்சிட்டாங்களாம் அண்ணி", "கோல் ஊனி நடக்கறாராம் அண்ணி" என்று நாளுக்கு நாள் அப்பாவைத் தேற்றிக்கொண்டே போனார். "அப்படியா, சந்தோஷம்" என்பாள் அம்மா. அத்தை போட்டதையெல்லாம் மறு பேச்சில்லாமல் சாப்பிட்டாள். காலையில் தலைவாரிப் பூ வைத்து, கண்ணாடி முன்னால் நின்று, பொட்டை நிதானமாக வைத்துக்கொண்டாள். குளிக்கப் போனால் மட்டும் வர ரொம்ப நேரமாகும். குழாய் கொட்டிக்கொண்டே இருக்கும். தொட்டி காலியாகிறது என்று அத்தை வெளியிலிருந்து சத்தம் போடுவாள். அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று அவர்கள் நடித்தார்கள், தெரிந்துவிட்டது என்று தெரியக்கூடாது என்று அவள் நடித்தாள். வயிற்றில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படித்தான் தாங்கினாளோ!

தம்பி நல்லபடியாகப் பிறந்தான். அம்மாவும் பிழைத்துக்கொண்டாள். அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரத்திலேயே அப்பாவும் சென்னைக்கு வந்து சேர்ந்தார், பெட்டியில்.

அம்மாவிடம் சொல்வதற்காக விடியற்காலையிலேயே பெண்கள் கூடிவிட்டார்கள். மயங்கி விழுந்தால் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம். அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசக் கல்லாக்கிக்கம்மா" என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் அவளே கதறி விழுந்தாள். நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அம்மா தம்பியை ஒரு மாரிலிருந்து இன்னொரு மாருக்கு மாற்றிக்கொண்டு, "எத்தன மணிக்கு வர்றாங்க?" என்று கேட்டாள்.

பின்னாலிருந்து யாரோ, "புருஷன் செத்ததுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரலியே இவளுக்கு" என்றார்கள். அப்படிச் சொன்னவர்களை நான் திட்டவில்லை. நானும் அதையேதான் நினைத்தேன். உருண்டு புரண்டு அழுதவள் நான்தான். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொள்ளப் பார்த்தாள். அவள் கையைத் தட்டிவிட்டு அத்தை மடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

வண்டி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பெரிய சிஸ்டர் ஆட்டோவில் வந்து இறங்கினார். உள்ளே வந்து அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அம்மா அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். அவ்வளவுதான், சிஸ்டரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று கதறினாள். தம்பி பயந்து வீரிட்டான். அத்தை ஓடிவந்து அவனைத் தூக்கிக்கொண்டாள்.

"நீங்க ஒருத்தர்தான் சிஸ்டர் எங்கிட்ட உண்மையச் சொன்னீங்க" என்றாள் அம்மா, விக்கலுக்கு நடுவில்.

சிஸ்டருக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. பிறகு, "அய்யோ ஆண்டவரே" என்று வாயைப் பொத்திக்கொண்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அவர் ஏன் என்னைப் பார்த்தார் என்று நான் யோசிக்கவில்லை. அப்பாவுக்கு அழாதவள் சிஸ்டரைப் பார்த்ததும் அழுகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதோடு, சிஸ்டர் அதுவரை எங்கள் வீட்டு வாசலை மிதித்ததே இல்லை. அம்மாவும் மாசக்கணக்கில் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை. பிறகு எப்போது சொன்னார்? "சிஸ்டர் யார்கிட்ட சொல்லி அனுப்புனாங்க அத்தை?" என்று கேட்டேன்.

"சும்மா இருடி" என்றாள் அத்தை. அவளுக்கும் தெரியவில்லை.