ரன்னிங் இருக்கிறவனுக்குத்தான் டீசல்

செகண்ட் ஹேண்டில் டீசல் கார் எடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டு என் கடைக்கு இன்னமும் ஆள் வருகிறது. நான் பெரம்பலூரில் மோட்டார் பம்ப்செட் விற்கிறவன். பம்ப்செட்டைப் பற்றி ஒருத்தனும் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. விலை கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போகிற ஆள்கூட வாசலில் நிற்கிற சிவப்பு வண்டியைச் சுற்றி வந்து, டயரில் ஒரு உதை விட்டு, "எப்பிடிண்ணே இழுக்குது?" என்கிறான். அந்த உதையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டயரை உதைத்தால் இஞ்சின் பதில் சொல்லுமா?

இழுக்கும். பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே இழுக்கும். பார்க்கச் சின்ன வண்டி, டிக்கியில் இரண்டு அரிசி மூட்டை வைத்தால் மூடாது. ஆனால் உள்ளே டர்போ வைத்த டீசல் இஞ்சின், கீழே அகல டயர், கல் மாதிரி ஷாக் அப்சார்பர். வேகப் பைத்தியம் பிடித்த பையன்களுக்காகவே செய்த வண்டி. எனக்கு நாற்பதைத் தாண்டி, முன்தலை முடியும் போய்விட்டது. இந்த வயதில் உனக்கு எதற்கடா இது என்று என் அக்கா நடுவீட்டில் நின்று கேட்டாள். பிள்ளைக்காக வாங்கினேன். பிறக்காத பிள்ளைக்காக.

கல்யாணமாகிப் பல வருஷம் காத்திருந்துவிட்டு, திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தோம். அந்த வைத்தியம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊசி, ஸ்கேன், ரத்தம், மறுபடியும் ஊசி. சில வாரம் மூன்று தடவைகூட வரச்சொல்வார்கள். பஸ்ஸில் போகலாம்தான். பஸ் ஸ்டாண்டில் தெரிந்த முகம் ஒன்று கட்டாயம் நிற்கும். "என்ன, திருச்சிக்கா? யாருக்கு ஒடம்புக்கு?" என்று ஆரம்பிக்கும். "சும்மாதான், துணி எடுக்க" என்பாள் என் மனைவி. இரண்டு நாள் கழித்து அதே பஸ், அதே முகம். எத்தனை துணிதான் எடுப்பது? எங்களிடம் இருந்த பழைய பெட்ரோல் காரோ, ஏசி போட்டால் ஓடாது, ஓடினால் ஏசி வராது. பாடாலூர் தாண்டுவதற்குள் அவளுக்கு வாந்தி வந்துவிடும்.

துறையூர் ரோட்டில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவன் இருக்கிறான். வாய் ஓயாத ஆள். பாதி சரியாகச் சொல்வான், மீதி அளப்பான். அவனிடம் கேட்டதற்கு முதல் கேள்வியே, "ரன்னிங் இருக்காண்ணே?" என்பதுதான்.

"அண்ணே, ரன்னிங் இருக்கிறவனுக்குத்தான் டீசல். வாரா வாரம் ஹைவேல ஓடுவீங்கன்னா கண்ண மூடிக்கிட்டு எடுங்க. மைலேஜ் குடுக்கும், பிக்கப்பு பிச்சிக்கிட்டுப் போவும், பழசா எடுத்தா வெலையும் பாதிதான். பால் வாங்க, கோயிலுக்குப் போவன்னா அந்தப் பக்கமே எட்டிப் பாக்காதீங்க. புகைய வடிகட்ட ஒரு ஃபில்டர் வச்சிருக்கான், ஊருக்குள்ளயே உருட்டுனா அதுல கரி அடைச்சி உக்காந்துக்கும். கிளட்சு போனா சொத்த எழுதிக் குடுக்கணும். ஷாக்கு வேற கல்லு. அப்பறம் ஐயோ அம்மான்னு எங்கிட்ட வரக்கூடாது, சொல்லிட்டேன்."

"ரன்னிங் இருக்குப்பா" என்றேன். சொல்லும்போது எனக்கு ஒரு பெருமைகூட வந்தது, கேளுங்கள். எங்கள் தலையெழுத்தில் லாபம் என்று ஒன்று அதுவரை வந்ததில்லை. ஆஸ்பத்திரிக்கு அலைவது ஒரு தகுதியாகக் கணக்கில் வந்தது அன்றைக்குத்தான்.

வண்டி அரியலூரில் இருந்தது. சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிற ஒரு இஞ்சினியருடையது. நான், மனைவி, தன் பைக்கில் மெக்கானிக் என்று மூன்று பேரும் போனோம். மெக்கானிக் பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் தட்டினான். திருநீற்றைக் கொட்டியதுபோல் சுண்ணாம்புத் தூசி விழுந்தது. இஞ்சினை உறுமவிட்டுக் காது கொடுத்தான். என்னைத் தனியாக இழுத்துப் போய், "டர்போ லேசா விசிலடிக்குதுண்ணே. பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா நல்லா அடிச்சிப் பேசலாம், விடாதீங்க" என்றான்.

அந்த நேரம் பார்த்து இஞ்சினியரின் மனைவி இரண்டு இடுப்பிலும் இரண்டு குழந்தைகளோடு வெளியே வந்தாள். இரட்டை. ஒன்று வண்டியைப் பார்த்ததும் கையை நீட்டிக் குதித்தது. என் மனைவி, "ஏன் குடுக்கறீங்க? நல்லாத்தானே இருக்கு" என்று கேட்டாள்.

"எடம் பத்தலங்க. ராசியான வண்டி. எங்களுக்கும் ரொம்ப நாளா இல்லாம இருந்துச்சி. இத எடுத்த வருஷமே இதுங்க ரெண்டும் வயித்துல வந்துடுச்சி. குடுக்கவே மனசில்லதான்."

என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. பக்கத்தில் வந்து என் சட்டைக் கையைப் பிடித்து, "ஏங்க, பேரம் பேசாதீங்க. ராசியான வண்டிய அடிச்சிப் பேசி வாங்கக் கூடாது" என்றாள். எங்கள் பக்கத்தில் மாடு வாங்கினாலும் மோட்டார் வாங்கினாலும் ராசி பார்ப்போம். நானே கடையில் முதல் போணியைப் பேரம் பேசாத கைக்குத்தான் கொடுப்பேன். டர்போவின் விசில், கிளட்ச், ஷாக் எல்லாம் அந்த நிமிஷம் என் காதிலிருந்து போய்விட்டது. சொன்ன விலைக்கு "சரிங்க" என்றேன். மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு போய்த் தன் பைக்கில் உட்கார்ந்துவிட்டான். பின் கண்ணாடியில் குழந்தைகளுக்காக ஒட்டியிருந்த யானை ஸ்டிக்கரை இஞ்சினியர் உரிக்கப் போனார். "இருக்கட்டும் சார்" என்று என் மனைவி தடுத்தாள்.

அந்த வண்டியின் நன்மை முழுவதையும் அடுத்த ஒரு வருஷத்தில் அனுபவித்தோம். விடிந்ததும் கிளம்புவோம். சிறுவாச்சூர் தாண்டி நாலாவது கியரில் காலை வைத்தால் முதுகை சீட்டோடு அழுத்தும். இவள் மடியில் ஆஸ்பத்திரி ஃபைலை வைத்துக்கொண்டு, "அந்தப் பஸ்ஸ முந்துங்க, அந்த லாரிய முந்துங்க" என்று சின்னப்பிள்ளை மாதிரி சொல்வாள். அவளுக்கு வாந்தி நின்றுவிட்டது. பெண் பிறந்தால் என்ன பேர், பையன் என்றால் என்ன பேர் என்று வெட்கமில்லாமல் பேசிக்கொண்டு போவோம். இஞ்சின் சத்தத்தைவிட அவள் சிரிப்புதான் பெரிதாகக் கேட்கும். நாங்கள் சந்தோஷமாக இருந்த காலம் என்று கேட்டால் கல்யாணமான புதிதைச் சொல்ல மாட்டேன். திருச்சி ரோட்டைத்தான் சொல்வேன்.

பிறகு கருவை உள்ளே வைத்தார்கள். அன்றைக்கு மத்தியானம் அவளைப் பின்சீட்டில் சாய்த்து, இரண்டு பக்கமும் தலையணை கொடுத்து ஓட்டி வந்தேன். அப்போதுதான் அந்த ஷாக்கின் யோக்கியதை தெரிந்தது. ரோட்டில் ஒரு கூழாங்கல் கிடந்தால்கூட அது முதுகெலும்புக்கு வந்துவிடும். மாட்டுவண்டி வேகத்தில்தான் வந்தேன். பின்னால் வந்தவனெல்லாம் ஹார்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். எங்கள் தெரு முனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. எந்த மகராசன் போட்டானோ, தடை இல்லை அது, கரை. எவ்வளவு மெதுவாக ஏற்றியும் வண்டி தொப்பென்று இறங்கியது. பின்னால் அவள் "அம்மா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

தங்கவில்லை. டாக்டரம்மாவிடம் வேகத்தடையைப் பற்றிக் கேட்டேன். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க, மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று சிரித்தார். என் அக்கா சிரிக்கவில்லை. "அந்தத் தூக்கிப்போடுற வண்டியில எதுடா தங்கும்?" என்று என் மனைவி காதுபடவே கேட்டாள். சண்டை போட்டேன். வாய்க்கு வந்ததெல்லாம் பேசி அக்காவை அனுப்பினேன். ஆனால் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அந்த வேகத்தடையைப் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றவனும் நான்தான்.

அடுத்த முறை இந்த வண்டியே வேண்டாம் என்று மெத்தென்ற பெரிய கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து அழைத்து வந்தேன். அதுவும் தங்கவில்லை. வண்டிமேல் பழி இல்லை என்று ஆகிவிட்டது. அதற்காக சந்தோஷப்படவா முடியும்? பழி போட ஒரு இரும்பாவது இருந்தது, இப்போது அதுவும் இல்லை. டாக்டரம்மா எங்களை எதிரே உட்காரவைத்து, "இதுக்கு மேல அவங்க ஒடம்பு தாங்காது. நான் போதும்னுதான் சொல்வேன்" என்றார். என் மனைவி எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தாள். வரும் வழியில் நான், "பாப்போம்" என்றேன்.

ஆஸ்பத்திரி நின்றதும் வண்டிக்கு ரன்னிங் நின்றது. கடைக்கு நான் போவது டூவீலரில். சிவப்பு வண்டி வீட்டுக்கும் கடைக்கும் இடையில் எப்போதாவது உருண்டது. ஒரு நாள் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல? கரி அடைக்குது. ஹைவேல ஏத்தி அரை மணி நேரம் நிறுத்தாம ஓட்டுங்க. சூட்டுல அதுவே எரிஞ்சி போயிடும். வாரம் ஒரு தடவ இதப் பண்ணுங்க, இல்லேன்னா வித்துத் தொலைங்கண்ணே. என்னாத்துக்கு வச்சிருக்கீங்க?"

என்னத்துக்கு வைத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். நல்ல விலைக்கே இரண்டு பேர் கேட்டார்கள். கொடுக்கவில்லை. வண்டியை விற்றால் இனி எங்களுக்கு ரன்னிங் இல்லை என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. அதை ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம், வேறு பெரிய காரணம் கிடையாது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் கரியை எரிக்கக் கிளம்பினேன். முதல் வாரம் அவளும் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து ஏறினாள். அதே திருச்சி ரோடு, அதே சிறுவாச்சூர், அதே பாடாலூர். போக ஒரு இடம் கிடையாது. டோல்கேட்டுக்கு முன்னால் திரும்பி வந்துவிடுவோம். மடியில் ஃபைல் இல்லாததால் அவளுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பஸ்ஸை முந்தினேன், லாரியை முந்தினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். வாராவாரம் இப்படித்தான். வீட்டில் பேசாததையாவது ரோட்டில் பேசுவோம் என்று நினைத்தேன். ரோட்டிலும் பேச எங்களுக்கு ஒன்றும் இல்லை.

அவளுக்குத் தெரியாமல் நான் ஒன்று செய்திருந்தேன். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியைப் பற்றி யாரோ சொல்ல, போன் போட்டு ஒரு தேதி வாங்கிவிட்டேன். டாக்டரம்மா போதும் என்று சொன்னது என் காதில் இருந்துகொண்டேதான் இருந்தது. இருந்தும் வாங்கினேன். அடுத்த ஞாயிறு வண்டியில் போகும்போது சொல்லிவிடுவது என்று முடிவு.

அந்த ஞாயிறு விளக்கு மறுபடி எரிந்தது. மெக்கானிக் போனிலேயே கத்தினான். "இந்தத் தடவ பாதியில நிறுத்துனீங்கன்னா வண்டி இழுக்காது பாத்துக்கங்க." ஒரே சீராக ஓட்டிக்கொண்டு சிறுவாச்சூரைத் தாண்டினேன். எப்படி ஆரம்பிப்பது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"வண்டிய நிறுத்துங்க" என்றாள்.

"என்னம்மா, வாந்தி வருதா?"

"நிறுத்துங்க."

"கரி எரிஞ்சிக்கிட்டிருக்கும்மா, இன்னும் பத்து நிமிசம்..."

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!"

அப்படி ஒரு குரலை அவளிடம் நான் கேட்டதே இல்லை. ஓரம் கட்டினேன். அவள் இறங்கி, மக்காச்சோளக் கொல்லைப் பக்கம் பார்த்து நின்றாள். லாரி போகிற காற்றில் புடவை படபடவென்று அடித்தது. நானும் இறங்கிப் போனேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

"ஏங்க, நீங்க ஏதோ சொல்லப் போறீங்க. எனக்குத் தெரியுது, ரெண்டு நாளா உங்க மூஞ்சியே சரியில்ல" என்றாள். "இன்னொரு ஊரு, இன்னொரு டாக்டருன்னு நீங்க கூப்புட்டா நான் வந்துடுவேன். மாட்டேன்னு சொல்ற தெம்பு எனக்கு இல்லங்க. ஊசி போடக் கையக் குடுத்துடுவேன். அதனால கூப்புடாதீங்க. உங்க காலப் புடிச்சிக் கேக்கறேன், கூப்புடாதீங்க."

சென்னை என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் வருவாள். அவளே சொல்லிவிட்டாளே. எனக்கு அந்தப் பிள்ளை வேண்டும் என்கிற ஆசை அந்த ரோட்டோரத்தில் நின்றபோதும் அடங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"இல்லம்மா, கூப்புடல" என்றேன்.

வண்டியை எடுத்தால் விளக்கு அணையவில்லை. மெக்கானிக் சொன்னபடி இழுவையும் போயிருந்தது. எவ்வளவு மிதித்தாலும் நாற்பதைத் தாண்டவில்லை. பஸ் முந்தியது, லாரி முந்தியது, வைக்கோல் ஏற்றிய மினி ஆட்டோகூட முந்தியது. அவள் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை எழுப்பவில்லை.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் சென்னைக்குப் போன் போட்டேன். வரமுடியாது என்று சொன்னேன். அந்தப் பக்கம் பேசிய பெண் மிகவும் மரியாதையான பெண்.

"பரவால்ல சார். வேற தேதி போட்டுடட்டுங்களா?"

"வேணாம்மா" என்றேன்.

"அடுத்த மாசம் பாக்கட்டுங்களா சார்?"

"வேணாம்மா. எந்த மாசமும் வேணாம்."